வால்பாறைக்கு வேனில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்பதால் பலரும் கூட்டாக வேன் பிடித்துக் கிளம்புகிறார்கள். வரையாடும் சிங்கவால் குரங்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. இங்கே இரண்டையும் சாலையிலிருந்தே பார்க்க வாய்ப்பிருக்கிறது. பெரும்பாலான தவறுகளும் அந்தச் சாலையில்தான் நடக்கின்றன.

முதலில் நேரம். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, டிபன் முடித்து, பத்து மணிக்கு மேல் ஆழியாறு தாண்டினால் பாதி நாள் போச்சு. வரையாடு காலையிலும் மாலையிலும்தான் மேயும், வெயில் ஏறினால் பாறை நிழலில் ஒதுங்கிவிடும். அணை, அருவி, கோயில், வியூ பாயிண்ட் என எட்டு இடங்களை ஒரே பகலில் அடக்குவதும் வேண்டாம். விலங்கு பார்க்கத்தான் போகிறோம் என்றால் இரண்டு இடம் போதும். வால்பாறைக்கு இ-பாஸ் கட்டாயம், அதை முந்தைய நாளே எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு தீனி போடுவது. புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையோரம் வரை வரும். மரத்தின் உச்சியிலேயே வாழ்ந்து பழகிய இனம் அது. தேயிலைத் தோட்டங்களுக்காகக் காடு துண்டு துண்டானதால் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தரையில் இறங்க வேண்டியிருக்கிறது. சாலையின் குறுக்கே மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், குரங்குகளும் அதில் ஏறிக் கடக்கின்றன. நாம் ஜன்னல் வழியாக எறியும் ஒரு பாக்கெட் சிப்ஸ் அவற்றைத் திரும்பவும் தார் ரோட்டுக்கு இழுக்கிறது. அடுத்து வரும் வண்டியில் அடிபடுவது அதை எடுக்க இறங்கிய குரங்குதான். பாவம் பார்த்துப் போட்டேன் என்று சொல்பவரை வேனில் இருப்பவர்களே தடுக்க வேண்டும். கூட வந்தவராயிற்றே என்று தயங்காதீர்கள்.

வரையாடு விஷயமும் இப்படித்தான். ஒன்பதாவது வளைவு வியூ பாயிண்ட் பக்கம் ஆள் நடமாட்டத்துக்குப் பழகிப் பக்கத்திலேயே நிற்கும். ஓடவில்லை என்பதால் தொடலாம் என்று அர்த்தமில்லை. 2023 ஜனவரியில் இந்தச் சாலையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் கைதானார்கள். கீழே இறங்காமல் வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள். பத்துப் பேரும் ஒரே பக்கம் எழுந்து கத்தினால் அதுவும் நிற்காது.

யானை நின்றால் கணக்கே வேறு. 2025 பிப்ரவரியில் இதே சாலையில் யானைக்காக இரு பக்கமும் வண்டிகள் காத்து நின்றபோது, எச்சரிக்கையை மீறி பைக்கில் கடக்கப் பார்த்த ஜெர்மானியப் பயணி உயிரிழந்தார். ஹாரன் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். டிரைவரை "போங்கண்ணே, போயிடலாம்" என்று பின்னாலிருந்து யாரும் அவசரப்படுத்தவும் வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் தள்ளி நின்று காத்திருங்கள்.

இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுவது நல்லது. நேரமாகிவிட்டால் எஸ்டேட் சாலைகளில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். பக்கத்தில் யானை இருக்கிறது என்று தோட்டத் தொழிலாளர்களை எச்சரிக்க வைத்தது அது. எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி, உள்ளூர்க்காரர் யாரிடமாவது கேட்டுவிட்டு அப்புறம் போங்கள்.