மாநகராட்சித் திட்டத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உங்கள் வார்டில் உள்ள மாநகராட்சி மார்க்கெட்டை இடித்துவிட்டு, தனியாரோடு சேர்ந்து வணிக வளாகம் கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருஷமாக அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு வயிறு எரியும். நியாயம்தான். அந்தக் கோபத்தை அப்படியே மனுவாக எழுதிவிடுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

"இந்த வளாகத்தால் ஊருக்கு லாபமில்லை, பழைய மார்க்கெட்டே போதும்" என்று பக்கம் பக்கமாக எழுதினால் மனு நிற்காது. எந்தத் திட்டம் நல்லது என்பதை மாநகராட்சி மன்றமும் அரசும் தீர்மானிக்கட்டும் என்று ஐகோர்ட் விட்டுவிடும். 1994-ல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முடிவு சரியா என்பதை அல்ல, முடிவெடுத்த விதம் சரியா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். பொருளாதாரக் கொள்கையில் தலையிடத் தயங்குவோம் என்பதை 2001-ல், அரசு நிறுவனமான பால்கோவின் பங்கு விற்பனை பற்றிய வழக்கிலும் அழுத்திச் சொன்னது.

அதனால் தேட வேண்டியது வேறு. மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியதா? கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அந்த அதிகாரம் உண்டா? சென்னை என்றால், சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது மாஸ்டர் பிளானில் அந்த நிலம் என்ன பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? நடைபாதை வியாபாரிகளை அகற்றுகிறார்கள் என்றால், 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்கிற, வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்கும் நகர விற்பனைக் குழுவைக் கலந்தார்களா? அப்பட்டமான பாரபட்சம் இருந்தால் அதையும் சொல்லலாம். தாளோடு காட்டக்கூடிய ஒரு மீறல், நூறு பக்கப் புலம்பலைவிட மேல்.

அந்தத் தாள் கையில் இல்லாமல், பேப்பரில் வந்த செய்தியை வைத்து வழக்குப் போடுவது அடுத்த தவறு. தீர்மான நகலையும் உத்தரவு நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் உடனே கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. உத்தரவில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்தே அது செல்லுமா என்று பார்க்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உத்தரவைப் படிக்காமல் போனால் இந்த ஆயுதத்தையே கைவிட்டதாகிவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது தாமதம்தான். மனு, போராட்டம், கவுன்சிலர் வாக்குறுதி என்று மாதங்கள் ஓடும். அதற்குள் டெண்டர் முடிந்து, பணி ஆணை கொடுத்து, பள்ளமும் தோண்டிவிடுவார்கள். அரசு அமைப்பின் நடவடிக்கையை எதிர்த்து நேராக ஐகோர்ட்டில் போடும் ரிட் மனுவுக்குச் சட்டத்தில் இத்தனை நாள் என்ற கெடு இல்லை என்பது உண்மை. ஆனால் வேலை தொடங்கி, பொதுப்பணம் செலவான பிறகு வருபவருக்கு இடைக்காலத் தடை கிடைப்பது மிகக் கடினம். டெண்டரில் கலந்துகொண்டவர் என்றால் இன்னும் அவசரம்: தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி அரசிடம் மேல்முறையீடு செய்ய 10 நாள்தான். அந்த வழி இருக்கும்போது நேராக ஐகோர்ட்டுக்குப் போனால், அங்கே போய்விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள்.

இடமும் முக்கியம். சிட்டி சிவில் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள், சிவில் கோர்ட் எப்போது தடை தரலாம் என்று சொல்லும், 2018-ல் திருத்தப்பட்ட குறித்தவகை நிவாரணச் சட்டத்தை (Specific Relief Act) கவனிப்பதில்லை. உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடை உத்தரவு கூடாது என்கிறது அது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதென்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. கெடு 30 நாள், போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை.

அப்புறம், கடைக்காரர் தன் கடைக்காகப் போராடுவதில் ஒரு குறையும் இல்லை. அதைப் பொதுநல வழக்கு என்று பெயர் மாற்றித் தாக்கல் செய்தால், சொந்த நலனை மறைத்ததற்காகவே மனு தள்ளுபடியாகலாம், அபராதமும் விழலாம். தன் பெயரிலேயே போடட்டும். எதிர்மனுதாரர் பட்டியலில் மாநகராட்சியோடு ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தையும் சேர்க்கட்டும். அவர்களைக் கேட்காமல் அவர்கள் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யாது.