லைகோஸ்தெனஸின் உற்பாதக் குறிப்புகளைப் படிக்கும் முறை

உலகம் படைக்கப்பட்ட நாள் தொடங்கித் தம் காலம் வரை நிகழ்ந்தனவாகச் சொல்லப்பட்ட உற்பாதங்களையெல்லாம், அதாவது வரப்போவதற்கு அறிகுறியாகக் கருதப்பட்ட விந்தை நிகழ்வுகளையெல்லாம், ஆண்டுவரிசையில் லத்தீனில் தொகுத்து, 1557இல் பாசெல் நகரில் அச்சேற்றியவர் கொன்ராட் லைகோஸ்தெனஸ் (1518–1561). அல்சாஸில் ரூஃபாக் என்னும் ஊரில் பிறந்த இவருடைய குடும்பப் பெயர் வொல்ஃப்ஹார்ட். அதிலிருந்த ஜெர்மன் ஓநாயை (வொல்ஃப்) அக்காலப் புலவர் வழக்கப்படி கிரேக்க ஓநாயாக (லைகோஸ்) மாற்றிக்கொண்டார்.

இந்நூலைத் திறந்ததும் முதலில் படத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1500 மரச்செதுக்குப் படங்கள் இதில் உண்டு என்றாலும், ஒரே அச்சுக்கட்டை பல நூற்றாண்டு இடைவெளியுள்ள வால்வெள்ளிகளுக்கு மீண்டும் மீண்டும் பயன்பட்டிருப்பதால், படத்தை நேரில் கண்டவரின் சாட்சியமாகக் கொள்வது பெரும்பிழை.

அடுத்து, செய்தி எவர் வழியாக வந்தது என்று பாருங்கள். ரோமானிய உற்பாதங்களைப் பதிவுசெய்த யூலியுஸ் ஒப்செக்வென்ஸின் நூலை 1552இல் பதிப்பித்தபோது, தொலைந்துபோன முற்பகுதியை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி முதலியோரின் நூல்களைக் கொண்டு லைகோஸ்தெனஸ் தாமே நிரப்பினார். அந்தப் பகுதியை ஒப்செக்வென்ஸின் பெயரால் மேற்கோள் காட்டக் கூடாது.

பிறகே இயற்கைக் காரணத்தைத் தேட வேண்டும். சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44இல் மூன்று சூரியன்கள் தோன்றியதாக ஒப்செக்வென்ஸ் எழுதியதை எடுத்துக்கொண்டால், மேகத்திலுள்ள அறுகோணப் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் சூரியனின் இருபுறமும் சுமார் 22 பாகைத் தொலைவில் போலிச் சூரியன்கள் தெரிவதுண்டு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படி விளக்கம் கண்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், வெறும் வதந்திக்கும் ஓர் அறிவியல் காரணத்தைப் புனைய நேரிடும்.

இறுதியாக, அந்நிகழ்வுக்கு லைகோஸ்தெனஸ் கற்பித்த அர்த்தத்தைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேவாலய ஊழியரான அவருக்கு இவை பெரும்பாலும் கடவுளின் சினத்தைக் காட்டும் எச்சரிக்கைகள். அதே நிகழ்வு மற்றவர்களுக்கு வேறு பொருளும் தந்திருக்கக்கூடும். ரூஃபாக்குக்கு அருகிலுள்ள என்சிஸ்ஹைமில் 1492 நவம்பர் 7 அன்று விழுந்த விண்கல்லை, அப்போது பிரெஞ்சுக்காரருடன் பகை கொண்டிருந்த ஜெர்மானிய மன்னர் மாக்சிமிலியன் தமக்கான நற்சகுனமாகவே கொண்டார். பலரும் உடைத்து எடுத்துச் சென்றதுபோக எஞ்சிய கல் இன்றும் அவ்வூரில் காட்சிக்கு இருக்கிறது. அதனால் பயிற்சிக்கு அந்த ஆண்டிலிருந்தே தொடங்குவது நல்லது.