‘அந்தப் பக்கம் போனா மைனஸ்’ என்று சொல்லாமல் அல்ஜீப்ரா நடத்துவது எப்படி

"பிளஸ் ஐந்து அந்தப் பக்கம் போனா மைனஸ் ஐந்து." தமிழ்நாட்டில் கணக்கு நடக்கும் எந்த வகுப்பின் வாசலில் நின்றாலும் இது காதில் விழும். 3க + 5 = 20 என்ற கணக்குக்கு இது போதும் என்றுதான் தோன்றும், ஆனால் 3க = 15 என்று வந்ததும் அதே பையன் மூன்றையும் அந்தப் பக்கம் அனுப்பி மைனஸ் ஆக்கி, க = 12 என்று எழுதி வைப்பான். அவன் கவனக்குறைவாக இல்லை, நாம் கொடுத்த விதியை நம்பிக்கையோடு பயன்படுத்தியிருக்கிறான், அவ்வளவுதான். (தெரியாத எண்ணுக்கு இங்கே ‘க’ என்றே எழுதுகிறேன். வகுப்பிலும் அவ்வப்போது எழுத்தை மாற்றுங்கள். எக்ஸ் இல்லாவிட்டால் கணக்கே புரியாமல் விழிக்கும் பிள்ளைகள் நிறைய.)

எக்ஸுக்குப் போகும் முன் சமக்குறியைச் சரி பண்ணுங்கள். போர்டில் 7 + 5 = ☐ + 4 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள், ஒன்பதாம் வகுப்பிலும் சிலர் 12 என்பார்கள். அவர்களுக்குச் சமக்குறி என்றால் ‘விடை இதோ வருகிறது’ என்ற அறிவிப்பு, இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற செய்தி இல்லை. 5 + 3 = 8 × 2 = 16 என்று சங்கிலியாக எழுதுவதும் இதே கோளாறுதான், அதை நோட்டில் பார்த்தவுடனே நிறுத்துங்கள். 1557இல் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு இருக்க முடியாது என்றுதான் காரணம் சொன்னார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மனசில் நிற்கும்.

அப்புறம், குறைந்தது இரண்டு வாரமாவது, இரண்டு பக்கமும் என்ன செய்கிறோம் என்பதை எழுத வையுங்கள். 3க + 5 − 5 = 20 − 5, அடுத்த வரியில் 3க ÷ 3 = 15 ÷ 3. நேரம் பிடிக்கும், போர்ஷன் முடியாது என்ற பயம் வரும், தெரியும். ஆனாலும் எழுத வையுங்கள், ஏனென்றால் இந்த இரண்டு வாரத்தை மிச்சம் பிடித்தால் பத்தாம் வகுப்பு முழுக்க அதே தவறைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

எழுத்து என்பது எண், பொருளின் பெயர் இல்லை. ‘3அ + 2வ என்றால் மூன்று ஆப்பிள், இரண்டு வாழைப்பழம்’ என்று தொடங்குவதை விட்டுவிடுங்கள். ஒரு ஆசிரியருக்கு 30 மாணவர் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், கல்லூரியில் படிப்பவர்கள்கூட ஆ = 30ம என்று எழுதுவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஆசிரியர் 2 பேர் என்றால் மாணவர் 60, போட்டுப் பார் என்று சொல்லுங்கள். ம = 30ஆ என்று அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

இருபடிச் சமன்பாட்டுக்கு ஒரு பீரியடை முழுசாக ஒதுக்கிச் சார்ட் பேப்பரை வெட்டுங்கள். 7 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று, அது க². 7 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள பட்டைகள் பத்து, ஒவ்வொன்றும் க. 2 செ.மீ. சதுரங்கள் 25, ஒவ்வொன்றும் 1. (7 ஏன் என்றால், சின்னச் சதுரங்களை வரிசையாக வைத்துப் பட்டையின் நீளத்தைச் சரியாக அளந்துவிடக் கூடாது, க தெரியாத எண்ணாகவே இருக்கட்டும்.) இப்போது க² + 10க = 39. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி எடுத்துக்கொண்ட அதே கணக்கு. பெரிய சதுரத்தின் வலப்பக்கம் ஐந்து பட்டை, கீழே ஐந்து பட்டை. மூலையில் ஒரு இடம் காலியாக நிற்கும், அதை நிரப்ப எத்தனை சின்னச் சதுரம் வேண்டும் என்று கேளுங்கள். 25. அந்தப் பக்கமும் 25 சேர்த்தால் 64. ஆக (க + 5)² = 64, க + 5 = 8, க = 3. ‘பாதியை வர்க்கப்படுத்திக் கூட்டு’ என்று மனப்பாடம் செய்தது ஏன் என்பது அந்தக் காலி மூலையைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: நீளம் குறை எண்ணாக இருக்காது என்பதால் காகிதத்தில் 3 மட்டும்தான் கிடைக்கும், அல் குவாரிஸ்மியும் அதோடு நிறுத்தினார். க + 5 = −8 என்றும் இருக்கலாம், அப்போது க = −13.

க²-க்கு முன்னால் 1 அல்லாத கெழு (பெருக்கும் எண்) வந்தால் பின்னம் வரும், பின்னம் வந்தால் பாதி வகுப்பு காணாமல் போகும். அதற்குப் பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழி இருக்கிறது. இருபடிச் சூத்திரத்தையே வட இந்தியாவில் ஸ்ரீதராச்சாரியார் சூத்திரம் என்பார்கள். 3க² + 5க − 2 = 0 என்றால், முதல் கெழுவின் நான்கு மடங்கான 12ஆல் முழுதையும் பெருக்குங்கள்: 36க² + 60க = 24. நடுக்கெழுவின் வர்க்கம் 25ஐ இரண்டு பக்கமும் கூட்டுங்கள்: (6க + 5)² = 49. 6க + 5 ஒன்று 7, இல்லையென்றால் −7. க = 1/3 அல்லது −2. இதை நான்கைந்து கணக்கில் செய்துவிட்டு, கடைசியில் எண்களுக்குப் பதில் எழுத்துகளைப் போட்டால் சூத்திரம் தானாக வந்து நிற்கும். சூத்திரத்தை முதலில் கொடுத்துவிட்டு நிரூபணத்தைப் பிறகு நடத்துவது தலைகீழ் என்பது என் உறுதியான கருத்து.

படிப்பவர்களுக்கு ஒரு பழக்கம்: சந்தேகம் வந்தால் எண்ணைப் போட்டுப் பாருங்கள், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. (க + 3)² என்பது க² + 9 தானா? க = 5 போடுங்கள், ஒரு பக்கம் 64, இன்னொரு பக்கம் 34. 0, 1, 2 ஆகியவற்றைத் தவிருங்கள். இதே கணக்கில் 0 போட்டால் இரண்டு பக்கமும் 9 வந்து ஏமாற்றிவிடும்.

கல்லூரிக்குப் போனதும் தொல்லை வேறு மாதிரி. க² = 5க என்பதை இரண்டு பக்கமும் ‘க’ஆல் வகுத்து 5 மட்டும் எழுதுவார்கள், 0 போயே போய்விடும். √(க + 7) = க − 5 என்பதை வர்க்கப்படுத்தினால் 9, 2 என்று இரண்டு விடை வரும், ஆனால் 2ஐப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துவிடுகிறது, அதனால்தான் இந்த வேண்டாத விடை உள்ளே நுழைகிறது. இப்படி நுழையும் விடையைப் பிடிக்க, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘இங்கிருந்து திரும்பிப் போக முடியுமா?’ என்று எழுத வையுங்கள். முடியாத வரி ஒன்று இருந்தால், விடைகளை முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்த பிறகே மார்க் கொடுங்கள்.