சோல்-ஜெல் முறையில் சிலிக்கா-டைட்டானியா கண்ணாடி: பருப்பு முதலில், அரிசி பிறகு

அரிசிம்பருப்புச் சாப்பாடு செய்யும்போது துவரம்பருப்பை முன்னாடியே ஊறவைத்துவிடுவோம். இல்லையென்றால் அரிசி குழைந்திருக்கும், பருப்பு வெந்திருக்காது. சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலை ஜெல்லாக உறையவைத்து, காயவைத்து, சுட்டுக் கண்ணாடியாக்கும் முறையில், சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு), டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) என இரண்டு ஆக்சைடு கலந்த கண்ணாடி செய்யும்போதும் இதே சிக்கல்தான். சிலிக்கா தருகிற டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், சுருக்கமாக டிஇஓஎஸ், தண்ணீரோடு மெதுவாக வினைபுரியும். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு ஈரக்காற்று பட்டாலே வெளுத்துவிடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் டைட்டானியா தனியே திரண்டு நிற்கும். அதனால் மெதுவானதை முதலில் பாதி தயாராக்க வேண்டும்.

கீழே உள்ள அளவுக்கு எடையில் சுமார் 7.5 சதவீதம் டைட்டானியா வரும். ஹபிள் தொலைநோக்கியின் முதன்மை ஆடி இந்த வகைக் கண்ணாடிதான். சூடு ஏறி இறங்கினாலும் அளவு மாறாது. அதைச் சுடரில் செய்தார்கள், நாம் பீக்கரில் செய்கிறோம்.

தேவை: டிஇஓஎஸ் 22.3 மி.லி., நீரற்ற எத்தனால் 33 மி.லி., 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1.8 மி.லி., டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு 1.8 மி.லி., நீரற்ற ஐசோபுரொப்பனால் 10 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 5.4 மி.லி. சிறுவாணித் தண்ணீர் குடிக்க அருமை, இதற்கு ஆகாது. குழாய்த் தண்ணீரிலுள்ள சோடியம், சூடாக்கும்போது கண்ணாடியைப் படிகமாக்கிவிடும்.

முதல் படி. டிஇஓஎஸ்ஸோடு 23 மி.லி. எத்தனாலைக் கலந்து, அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு, மூடி, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். ஆவி கண்ணை எரிக்கும், எத்தனால் தீப்பிடிக்கும். புகைப்போக்கிக் கூண்டுக்குள், திறந்த நெருப்பு இல்லாமல் செய்யுங்கள். அமிலத்தோடு போகும் தண்ணீர், டிஇஓஎஸ் ஒரு மோலுக்கு ஒரு மோல்தான். அது முழுக்கச் செலவாகிவிடுவதுதான் நமக்கு வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த படியில் டைட்டானியம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் படி. அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடை ஐசோபுரொப்பனாலில் கரைத்து, 20 நிமிடம் எடுத்துச் சொட்டுச்சொட்டாகச் சேருங்கள். கோவையில் ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும். அப்போது பாட்டிலைத் திறந்து வைக்கவே வேண்டாம், சிரிஞ்சில் எடுங்கள். கரைசல் கடைசிவரை தெளிவாக இருக்க வேண்டும். பால்போல் வெளுத்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். வடிகட்டிப் பயனில்லை, டைட்டானியம் வடிகட்டித் தாளோடு போய்விடும். ஒரு மணி நேரம் கலக்கினால் சிலிக்கான்-ஆக்சிஜன்-டைட்டானியம் பிணைப்புகள் உருவாகும். சீர்மை இங்கேதான் கிடைக்கிறது.

மூன்றாம் படி. மீதி 10 மி.லி. எத்தனாலில் 5.4 மி.லி. நீரைக் கலந்து மெதுவாக விடுங்கள். பாலிபுரொப்பிலீன் தட்டில் அரை செ.மீ. உயரத்துக்கு ஊற்றி மூடுங்கள். கண்ணாடித் தட்டில் ஜெல் ஒட்டிக்கொள்ளும், சுருங்கும்போது வெடிக்கும். சில நாளில் உறையும். உறைந்தபின் இரண்டு நாள் மூடியே வையுங்கள், ஜெல்லுக்குள் இருக்கும் பிணைப்பு வலை இறுகும்.

பிறகு மூடியில் ஊசியால் நாலைந்து துளை போட்டு இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். ஆரம்பக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். நானோமீட்டர் துளைகளுக்குள் திரவம் பின்வாங்கும்போது சுவரைப் பலமாக இழுக்கும். ஓரம் காய்ந்து நடு ஈரமாக இருந்தால் விரிசல்தான். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வெயிலில் ஒரே துளை போதும். ஜெல் நீளத்தில் பாதியாகவே சுருங்கலாம், பயப்பட வேண்டாம்.

கடைசியாக உலை. நிமிடத்துக்கு அரை டிகிரி ஏற்றி, 150-இல் இரண்டு மணி, 450-இல் காற்றோட்டத்தோடு ஐந்து மணி, பிறகு 850 வரை. 450-இல் அவசரப்பட்டால் கரி உள்ளே சிக்கித் துண்டு கறுத்துப்போகும். மேலே வேகமாக ஏற்றினால் துளைகள் மூடிக்கொண்டு, வெளியேறாத நீராவி துண்டை அப்பளம்போல் உப்ப வைக்கும். விரல் நகமளவு தெளிவான துண்டு வந்தாலே முதல் முறைக்கு நல்ல விளைச்சல்.