காலுக்கு ஸ்கின் டிராக்‌ஷன் போடுவது எப்படி? நர்சிங் மாணவர்களுக்கு

எலும்பு முறிவு வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் கண் முதலில் தொங்கும் எடைக்கல்லில்தான் நிற்கும். நீங்கள் பாதத்தைப் பார்த்துப் பழகுங்கள். டிராக்‌ஷன் சரியாக இருக்கிறதா என்பதைக் கால்விரல்களே சொல்லிவிடும்.

தொடை எலும்பு முறிந்தால் சுற்றியுள்ள தசைகள் இறுகி, முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். அந்த இறுக்கத்துக்கு எதிராகக் காலை நேர்க்கோட்டில் இழுத்து வைப்பதுதான் டிராக்‌ஷன். எவ்வளவு எடை என்று டாக்டர்தான் எழுதுவார். தோல் வழியாக இழுப்பதால் பொதுவாக 5 கிலோவைத் தாண்டுவதில்லை. மீறினால் தோல் உரிந்து கொப்புளம் வரும். அதிக எடை தேவையென்றால் எலும்பிலேயே உலோகக் கம்பி (pin) செலுத்துவார்கள், அது டாக்டரின் வேலை.

1. காலில் புண், ரத்த ஓட்டக் குறைவு, உணர்ச்சிக் குறைவு இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் பாதத்தின் நாடித்துடிப்பு, உணர்ச்சி, விரல் அசைவு மூன்றையும் பார்த்துக் குறித்துவையுங்கள். பிறகு ஒப்பிட இதுதான் ஆதாரம்.

2. காலைக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். கணுக்கால் எலும்புகளின் மேல் பஞ்சு வையுங்கள்.

3. காலின் இருபுறமும் பட்டையை ஒட்டுங்கள். பட்டையின் கீழ்முனையில் உள்ள தட்டுக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே பாதம் தாராளமாக அசைய இடம் வேண்டும். ஒருவர் காலைத் தாங்கிப் பிடிக்க, கணுக்காலுக்கு மேலிருந்து கிரேப் பேண்டேஜை (இழுபடும் துணிக்கட்டு) சுருக்கமில்லாமல் மேல்நோக்கிச் சுற்றுங்கள்.

இந்த இடத்தில் அவசரமே கூடாது. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். அதை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே பெரோனியல் நரம்பு வளைந்து போகிறது. கட்டு அங்கே அழுத்தினால் பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போய்விடும். எலும்பு கூடிய பிறகும் அந்தக் குறை தங்கிவிடலாம். அதனால் அந்த முண்டின்மேல் அழுத்தம் விழவே கூடாது.

4. தட்டில் கட்டிய கயிற்றைக் கப்பியின் பள்ளத்தில் ஓடவிட்டு, எடையை மெதுவாக இறக்குங்கள். முடிச்சு கப்பியில் சிக்கக் கூடாது. எடை தரையையோ கட்டிலையோ தொடக் கூடாது.

5. கட்டிலின் கால்பக்கத்தைக் கட்டை வைத்து உயர்த்துங்கள். நோயாளியின் உடல் எடையே எதிர் இழுவையாக நிற்கும். இதை மறந்தால் அவர் கீழே சறுக்கி, தட்டு கப்பியில் முட்டி, இழுவையே இல்லாமல் போகும்.

அதன்பின் அடிக்கடி போய்ப் பாருங்கள். விரல் நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பாதத்தை மேலே மடக்கச் சொல்லுங்கள். குதிகால் மெத்தையில் அழுந்துகிறதா என்றும் பாருங்கள், படுக்கைப்புண் அங்கேதான் சீக்கிரம் வரும். விரல்கள் வெளிறினாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது வலி தாங்க முடியாமல் போனாலோ டாக்டரை உடனே கூப்பிட்டு, கட்டைத் தளர்த்துங்கள்.

கூட இருக்கும் உறவினருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பாவம் பார்த்து எடையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிடுகிறவர்கள் உண்டு.