மெதுவான ஆட்டம்: தொழில்முறை பூலில் நேரம் வீணாகும் இடங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை மேசையின் குழிகளில் (பாக்கெட்) போடும் பூல் விளையாட்டில், தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் மெதுவாக ஆடுகிறார் என்ற குறை எழும்போதெல்லாம், அவர் அளவுக்கு மீறி யோசிக்கிறார் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. உற்றுக் கவனித்தால் பெரும்பாலும் நடப்பது வேறு. யோசிக்க வேண்டிய கட்டத்தில் யோசிக்காமல் விட்டுவிட்டு, அடிக்க வேண்டிய கட்டத்தில் யோசிக்கத் தொடங்குபவரே மெதுவான ஆட்டக்காரர். எதிராளிக்கு எளிய ஷாட் எதையும் விடாமல் ஆடும் சிக்கலான ஒரு சேஃப்டிக்கு முன் ஒரு நிமிடம் மேசையைச் சுற்றி வருபவர் மீது எதிராளிக்குக்கூடக் கோபம் வருவதில்லை. பாக்கெட்டின் வாயருகே நேராகக் கிடக்கும் பந்துக்கு நாற்பது வினாடி எடுத்துக்கொள்பவரைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்த வினாடிகள் எப்படிச் சேர்கின்றன என்பதை ஒரு சிறிய கணக்கில் பார்க்கலாம். முதலில் 9 ரேக் (பந்துகளை அடுக்கித் தொடங்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ரேக்) வெல்பவருக்கு வெற்றி என்ற ஆட்டம் கடைசிவரை சென்றால் 17 ரேக் நடக்கும். ரேக்குக்குப் பத்து ஷாட் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தேவையில்லாமல் பத்து வினாடி கழிந்தால், மொத்தம் 1,700 வினாடி, அதாவது 28 நிமிடத்துக்கும் மேல் வீணாகிறது. எல்லா ஆட்டமும் 17 ரேக் வரை போவதில்லை என்றாலும், ஒரே மேசையில் அடுத்தடுத்து ஐந்தாறு ஆட்டங்கள் வைக்கப்படும் போட்டியில், காலையில் தொடங்கிய தாமதம் இரவு ஆடவேண்டியவரின் தூக்கத்தில் போய் முடிகிறது.

முதல் தவறு, அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக் முடிந்த மறுகணமே தொடங்குகிறது. 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளைக்கொண்டு ஆடும் நைன் பால் ஆட்டத்தில் மேசையில் இருக்கும் பந்துகளுள் மிகக் குறைந்த எண்ணுடையதையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும் என்பதால், அடுத்து எந்தப் பந்து என்ற கேள்விக்கே இடமில்லை. வெள்ளைப் பந்து ஒவ்வொரு பந்துக்கும் எந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும், எந்த இரண்டு பந்துகள் ஒட்டிக் கிடக்கின்றன, அவற்றை எந்த ஷாட்டில் பிரிப்பது என்பவையே அங்கே கேள்விகள். இவற்றுக்கான விடைகளில் பெரும்பகுதியை, பந்துகள் சிதறி நின்றவுடன், மேசையை ஒருமுறை முழுதாகச் சுற்றி வரும்போதே கண்டுகொள்ளலாம். பிரேக்குக்குப் பிந்தைய முதல் ஷாட்டுக்கு மட்டும் கூடுதல் நேரம் தரும் போட்டிகள் இருப்பதன் காரணமும் இதுவே. தவறு செய்பவரோ, 1ஆம் பந்து எளிதாகக் கிடக்கிறது என்று உடனே குனிந்து அதைப் போட்டுவிடுகிறார்; 4ஆம் பந்துக்கு வந்த பிறகுதான் 6ஆம் பந்தும் 8ஆம் பந்தும் ஒட்டிக் கிடப்பதைக் கவனிக்கிறார்; அதன்பின் ஒவ்வொரு ஷாட்டும் அவருக்குப் புதிய ஆட்டமாகிவிடுகிறது. தொடக்கத்தில் முப்பது வினாடி செலவிட்டிருந்தால், பின்னால் இரண்டு நிமிடம் மிஞ்சியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. திட்டம் சரியாகப் போட்டு, வெள்ளைப் பந்தும் நினைத்த இடத்திலேயே வந்து நின்ற பிறகு, அந்தத் திட்டத்தையே மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்வது. வெள்ளைப் பந்து குறித்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று கோணம் மாறிவிட்டால் மறுபடி யோசிப்பது முறைதான். அதற்காகச் செலவிடும் நேரத்தை யாரும் குறை சொல்லக் கூடாது. எதுவும் மாறாதபோது யோசிப்பது யோசனையே அல்ல. அது பதற்றம், யோசனையின் தோற்றத்தில் வருவது.

இரண்டாவது தவறு, முடிவெடுக்காமல் குனிவது. எந்தப் பாக்கெட், எவ்வளவு வேகம், வெள்ளைப் பந்தின் எந்தப் புள்ளியில் அடி என்ற மூன்றும் நின்ற நிலையிலேயே தீர்மானமாகியிருக்க வேண்டும். குனிந்த பிறகு செய்ய வேண்டியது குறியைச் சரிபார்ப்பதும், கியூவை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பதும், அடிப்பதும் மட்டுமே. குனிந்த நிலையில் கண் தாழ்ந்துவிடுவதால் மேசையின் அமைப்பு முழுதாகத் தெரியாது. அந்த நிலையில் இடப்பக்கச் சுழல் கொடுப்பதா வேண்டாமா என்று மனம் தடுமாறத் தொடங்கினால், மூன்று அசைவு பத்தாகிறது, கை இறுகுகிறது, கடைசியில் பாதி இந்த முடிவும் பாதி அந்த முடிவுமாக ஓர் அடி விழுகிறது. ஐயம் வந்தால் எழுந்துவிடுவதே சரி. எழுந்து, மீண்டும் தீர்மானித்து, மீண்டும் குனிவதற்குச் சில வினாடிகளே பிடிக்கும். குனிந்தபடியே உறைந்து நிற்பதற்கு அதைவிட அதிகம் ஆகும். ஆனால் ஒரே ஷாட்டுக்கு நான்கு முறை எழுபவர், நின்றபோது தீர்மானிக்கும் பழக்கமே தமக்கு இல்லை என்பதைத்தான் காட்டுகிறார்.

கடிகாரம் வைத்து ஆடும் போட்டிகளில் இந்தப் பழக்கம் இன்னும் வெளிப்படையாகத் தண்டிக்கப்படுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் மோதும் மோஸ்கோனி கோப்பையில் ஒரு ஷாட்டுக்கு 30 வினாடி. ரேக்குக்கு ஒருமுறை கூடுதல் நேரம் கேட்கலாம். உலகப் பூல் சங்கத்தின் விதிமுறைகளில் விவரிக்கப்படும் முறையில் ஷாட்டுக்கு 35 வினாடி, 10 வினாடி மீதமிருக்கும்போது எச்சரிக்கை, ரேக்குக்கு ஒருமுறை 25 வினாடி நீட்டிப்பு. நேரம் கடந்தால் ஃபவுல். நைன் பாலில் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்து மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடுவார். ஒரு பந்தைத் தவறவிட்டாலாவது எதிராளிக்கு ஏதேனும் சிக்கல் மிஞ்சக்கூடும்; நேர ஃபவுல் எதையும் மிச்சம் வைப்பதில்லை. மேசையைச் சுற்றிவிட்டு எச்சரிக்கை ஒலித்த பிறகே குனிபவர், தம் வழக்கமான தயாரிப்பில் பாதியை விட்டுவிட்டுத்தான் அடிக்கிறார். நீட்டிப்பைச் சேமித்து வைப்பதும் பலர் செய்யும் தவறு. அது அந்த ரேக்குக்கு உரியது. அடுத்த ரேக்குக்கு எடுத்துச் செல்ல முடியாது. சிக்கலான ஷாட் ஐந்தாம் பந்திலேயே வந்துவிட்டால் அங்கேயே கேட்டுவிட வேண்டும். ஒன்பதாம் பந்துக்கு என்று பத்திரப்படுத்தியவர்களுள் எத்தனையோ பேர் ஒன்பதாம் பந்தைச் சென்று சேர்வதே இல்லை.

கடிகாரம் எட்டாத இடங்களிலும் நேரம் போகிறது. பந்துகளை அடுக்கும் சட்டத்தில் (அதற்கும் ரேக் என்றே பெயர்) அடுக்கி, இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, மறுபடி கலைத்து அடுக்குவது அவற்றுள் ஒன்று. பந்துகள் ஒன்றோடொன்று இறுகித் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பது பிரேக்கின் தன்மையையே மாற்றக்கூடியது என்பதால், ஒருமுறை சரிபார்ப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் முறையில் இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கியூவின் நுனியில் சாக் தடவுவது நல்ல பழக்கமே, ஆனால் அதை நடந்துகொண்டே செய்யலாம். எதிராளி தொடர்ந்து மூன்று ரேக் வென்றதும் திடீரென்று கழிவறைக்குச் செல்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இடைவேளை எடுக்க விதிமுறை வழிவகுக்கும் போட்டிகளில் அதை நடுவரிடம் தெரிவித்து, ரேக்குகளுக்கு நடுவே எடுப்பதே முறை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அதிக ஆட்டங்களைத் தோற்கடிப்பது, மெதுவான ஆட்டக்காரரின் எதிரே அமர்ந்திருப்பவர் செய்யும் தவறு. பூலில் எதிராளி ஆடும்போது நாற்காலியில் அமர்ந்திருப்பதைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை. அந்தச் சும்மா இருக்கும் நேரம் நீளும்போது, தம் முறை வந்ததும் இழந்த நேரத்தை ஈடுகட்டுவதுபோல அவசரமாக ஆடிவிடுகிறார்கள். இது கணக்குக்கே பொருந்தாத செயல். எதிராளி எடுத்துக்கொண்ட நேரத்தை வேகமாக ஆடித் திரும்பப் பெற முடியாது. தம் லயத்தைத்தான் இழக்க முடியும். இன்னொரு வகையினர் எதிராளியின் மெதுவான தாளத்துக்கே மெல்லத் தாமும் மாறிவிடுகிறார்கள். வேகமாக ஆடிப் பழகிய கை, நாற்பது வினாடி காத்திருந்தால் குளிர்ந்துவிடுகிறது. எதிராளியின் ஒவ்வொரு அசைவையும் எண்ணிக்கொண்டிருக்காமல், மேசைக்கு எழுந்து வந்ததும் தாம் வழக்கமாகச் செய்யும் தயாரிப்பை அதே வரிசையில், அதே அளவு நேரத்தில் செய்வதே இதற்குத் தற்காப்பு.

புகார் செய்வதிலும் காலம் உண்டு. 3க்கு 2 என்று இருக்கும்போது நடுவரிடம் அமைதியாகச் சொல்லப்படும் குறை ஒரு முறையீடு. 7க்கு 2 என்று பின்தங்கிய பிறகு சொல்லப்படும் அதே குறை தோல்விக்கான சமாதானமாகவே கேட்கப்படும். உலக விதிமுறைகளின்படி நடுவர் முதலில் வேகப்படுத்துமாறு அறிவுறுத்தலாம். பயனில்லையென்றால் கடிகாரம் வைக்கலாம், அது இருவருக்குமே பொருந்தும். புகார் செய்தவரே கடிகாரத்தின் கீழ் ஆடிப் பழகாதவராக இருந்தால், அவர் கேட்டு வாங்கிய கடிகாரம் அவரையே பதம் பார்க்கும்.

யார் மெதுவானவர் என்று அளப்பதிலும் தவறு நேர்கிறது. ஸ்நூக்கரில் ஒரு ஷாட்டுக்கான சராசரி நேரம் வெளியிடப்படுகிறது. அது பயனுள்ள எண்தான், ஆனால் சராசரி எதையும் மறைக்கவல்லது. 2005 உலகச் சாம்பியன்ஷிப் காலிறுதியில் பீட்டர் எப்டன் ஒரே தொடர்ச்சியில் 12 புள்ளி எடுக்க ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார். எதிரே அமர்ந்திருந்த ரானி ஓ'சல்லிவன், 1997இல் ஏறத்தாழ அதே நேரத்தில் தொடர்ச்சியாக 36 முறை பந்தைப் போட்டு 147 புள்ளி எடுத்திருந்தவர். எப்டன் 13-11 என்று வென்றார். அவர் செய்தது சரியா என்ற விவாதம் அதன்பின் நெடுநாள் நீடித்தது. பூலின் பக்கம், லூ புட்டேரா 1973இல், எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் போடக்கூடிய ஸ்ட்ரெய்ட் பூலில் 150 பந்துகளைத் தொடர்ச்சியாக 21 நிமிடத்தில் போட்டார். மறுபடி அடுக்கும் நேரத்தையும் சேர்த்தால்கூட ஒரு பந்துக்கு எட்டரை வினாடிகூட ஆகவில்லை. இப்படிப்பட்ட எண்ணை எல்லோருக்கும் அளவுகோலாக்குவது நியாயமாகாது. ஆளுக்கு ஒரே ஒரு பாக்கெட் என்று ஆடும் ஒன் பாக்கெட் ஆட்டத்தில் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பேரம். அங்கே நீண்ட யோசனை ஆட்டத்தின் இயல்பு.

சதுரங்கத்தைப்போல ஆளுக்கு மொத்தமாக இத்தனை நிமிடம் என்று ஒதுக்கிவிட்டால் என்ன என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றினாலும் அது பூலுக்குப் பொருந்தாது. சதுரங்கத்தில் நகர்வுகள் மாறி மாறி வருகின்றன. பூலில் ஒன்பது பந்துகளையும் தொடர்ந்து போடுபவர் ஒன்பது ஷாட் ஆடும்போது எதிராளி ஒன்றுகூட ஆடுவதில்லை. மொத்த நேரத்தைச் சமமாகப் பிரித்தால், நன்றாக ஆடுபவரின் நேரமே முதலில் தீரும். ஷாட்டுக்கு ஷாட் ஓடும் கடிகாரமே இந்த விளையாட்டுக்கு உகந்தது.

அதைப் பயன்படுத்துவதில் அமைப்பாளர்கள் செய்யும் தவறு, ஒளிபரப்பாகும் மேசைக்கு மட்டும் கடிகாரம் வைப்பது. காலையில் ஓரத்து மேசையில் எல்லையில்லா நேரத்துடன் ஆடிய ஒருவர், மாலையில் விளக்குகளின் கீழ் 30 வினாடிக்குள் ஆட வேண்டியிருக்கிறது. இறுதி ரேக் நெருங்கிய பிறகு திடீரென்று கடிகாரத்தைக் கொண்டுவருவது அதைவிட மோசம். அந்த நிலையில் அது வேகத்தை ஒழுங்குபடுத்துவதில்லை, ஆட்டத்தின் முடிவிலேயே தலையிடுகிறது. எல்லா மேசைக்கும் நேரக் கணிப்பாளரை அமர்த்த ஆள் போதாது என்பது உண்மையான இடர்ப்பாடு. அப்படியானால் எந்த அளவு தாமதத்துக்குப் பின், எத்தனையாவது ரேக்குக்குள் கடிகாரம் வரும் என்பதையாவது முதல் சுற்று தொடங்கும் முன்பே எழுத்தில் தந்துவிடலாம். அதைப் படித்த ஆட்டக்காரர், பயிற்சியின்போதே கடிகாரத்தை ஓடவிட்டு, எச்சரிக்கை ஒலிப்பதற்கு முன் தாம் குனிந்திருக்கிறோமா, இன்னும் நின்றுகொண்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள முடியும்.