ஐபிஎல் வீரர் பரிமாற்றம்: லாப நட்டத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

சஞ்சு சாம்சன் சென்னைக்கு, ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு என்று 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தபோது, பேச்செல்லாம் சாம்சன் பெரியவரா ஜடேஜா பெரியவரா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது. ஓர் அணி ஒரு பரிமாற்றத்துக்கு ஏன் சம்மதித்தது என்பதை அறிய வேண்டுமானால், பர்ஸில் (வீரர்களுக்காக ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையில்) மிஞ்சும் பணம், வெளிநாட்டு வீரர்களுக்கான இடம், வீரர் போனதால் அணியில் விழும் ஓட்டை ஆகிய மூன்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு நான் கையாளும் முறையைக் கீழே தருகிறேன். ஏலம் எப்படி நடக்கும், தக்கவைத்தல் என்றால் என்ன என்பவை தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: அட்டவணை தயாரித்தல்

கூகுள் ஷீட்ஸ் போதும். இதற்கென்றே வரும் கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை முடிவை மட்டும் காட்டும், கணக்கைக் காட்டா. பெயர், இந்தியரா வெளிநாட்டவரா, சம்பளம், முதன்மைப் பணி, மாற்றுப் பணி என்று ஐந்து பத்திகள் இருந்தால் வேலை நடக்கும். சம்பளத்தைக் கோடியில் எழுதாமல் லட்சத்தில் எழுதுங்கள். 14.20 கோடி என்பதை 1420 என்றும், 30 லட்சத்தை 30 என்றும் இட்டால், தசமப் புள்ளி இடம் மாறி மொத்தக் கணக்கும் கவிழும் ஆபத்து இராது. அட்டவணையின் தலையில் மூன்று வரம்புகளை எழுதி வையுங்கள்: அணியில் குறைந்தது 18 பேர், அதிகபட்சம் 25 பேர், அவர்களில் வெளிநாட்டவர் 8 பேருக்கு மேல் கூடாது. 2026 தொடருக்கான மொத்தத் தொகை ஓர் அணிக்கு 125 கோடி.

இரண்டாம் படி: எந்தத் தொகை பர்ஸைத் தொடும்?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். என்னையும் நெடுநேரம் நிறுத்தி வைத்தது இதுவே. பரிமாற்றச் செய்திகளில் இரண்டு வகைத் தொகைகள் கலந்து வரும். ஒன்று, வீரரின் சம்பளம். மற்றொன்று, வீரரை விட்டுக்கொடுப்பதற்காக ஓர் அணி மற்ற அணிக்குத் தரும் மாற்றுத் தொகை. ஏலத்துக்கான பர்ஸில் கூடுவதும் குறைவதும் முதலாவது மட்டுமே. இரண்டாவது, உரிமையாளர்கள் தங்களுக்குள் முடித்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல். அது பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதும் இல்லை.

2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பியதை எடுத்துக்கொள்வோம். அவருடைய சம்பளம் 15 கோடி. அதே வேளையில் 17.5 கோடி சம்பளத்தில் இருந்த கேமரூன் கிரீனை மும்பை பெங்களூருக்கு அனுப்பியது. உங்கள் அட்டவணையில் மும்பைக்கு 1750 கூட வேண்டும், 1500 குறைய வேண்டும், மிச்சம் 250. ஹர்திக்குக்காக குஜராத்துக்கு எவ்வளவு போனது என்ற ஊகங்களுக்கு இந்தப் பத்தியில் இடமே இல்லை. இன்னொரு செய்தியும் இதில் உண்டு: தக்கவைப்புப் பட்டியல் (அடுத்த தொடருக்கும் அணிகள் வைத்துக்கொள்ளும் வீரர்களின் பட்டியல்) வெளியான அன்று ஹர்திக்கின் பெயர் குஜராத்தின் பட்டியலில்தான் இருந்தது, மறுநாள்தான் மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஆகவே கெடு நாளன்று வரும் பட்டியலை வைத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். பரிமாற்றத்துக்கான அவகாசம் ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை இருக்கிறது.

இரு பக்கமும் வீரர்கள் கைமாறினால், சம்பள வேறுபாட்டைப் பாருங்கள். ஆவேஷ் கானும் தேவ்தத் படிக்கலும் 2023இல் இடம் மாறியபோது ஒருவர் 10 கோடி, மற்றவர் 7.75 கோடி. படிக்கலைப் பெற்ற லக்னோவுக்கு 2.25 கோடி மிச்சமானது. ராஜஸ்தானுக்கு அதே அளவு குறைந்தது. முதன்முதலில் பழக நினைப்பவர்கள் இந்தச் சிறிய கணக்கிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாம் படி: சாம்சன் பரிமாற்றத்தைப் பிரித்துப் பார்த்தல்

இப்போது பெரிய கணக்குக்கு வருவோம். சாம்சன் 18 கோடிக்கே சென்னைக்கு வந்தார். 18 கோடி சம்பளத்தில் இருந்த ஜடேஜா, ராஜஸ்தானில் 14 கோடிக்கு ஒப்புக்கொண்டார். சாம் கரன் பழைய 2.4 கோடிக்கே போனார். ராஜஸ்தானின் பக்கத்தில் 1800 வெளியே, 1400 கூட்டல் 240 உள்ளே, 160 மிச்சம். ஜடேஜாவின் தொகை குறையாமல் இருந்திருந்தால் அதே அணிக்கு 240 பற்றாக்குறை விழுந்திருக்கும். அப்போது அவர்களிடம் முந்தைய ஏலத்தில் மிஞ்சிய 30 லட்சம்தான் கையில் இருந்தது. ஒரு நட்சத்திரம் நான்கு கோடி குறைத்துக்கொண்டதை வெறும் பெருந்தன்மை என்று எழுதுவோர் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை. பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதமும் கட்டாயம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

பணம் சரியானாலும் ராஜஸ்தானுக்கு இன்னொரு தடை இருந்தது. அவர்களின் 8 வெளிநாட்டு இடங்களும் நிரம்பியிருந்தன; கரன் உள்ளே வர வேண்டுமானால் ஒருவர் வெளியேற வேண்டும். வனிந்து ஹசரங்காவையும் மஹீஷ் தீக்‌ஷணாவையும் அந்த அணி விடுவித்தது. இருவரும் வெளிநாட்டுச் சுழற்பந்து வீச்சாளர்கள். இருவருடைய சம்பளத்தையும் சேர்த்தால் 9.65 கோடி. பிறகு மினி ஏலத்தில் (பெரிய ஏலங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நடக்கும் சிறிய ஏலத்தில்) ரவி பிஷ்னோயை 7.20 கோடிக்கு வாங்கினார்கள். ஜடேஜா, பிஷ்னோய் என்று சுழற்பந்து வீச்சு முழுவதும் இந்தியர் கைக்கு வந்துவிட்டதால், ஆடும் பதினொருவரில் இருக்கும் நான்கு வெளிநாட்டு இடங்களை வேகப்பந்து வீச்சுக்கும் மட்டையாட்டத்துக்கும் ஒதுக்க முடிகிறது. இந்த ஒரு நகர்வுக்காகவே நான் ராஜஸ்தானின் கணக்கை மெச்சுகிறேன்.

நான்காம் படி: ஓட்டையின் விலை

போன வீரரின் சம்பளத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அவர் செய்த வேலையை இன்னொருவரைக் கொண்டு செய்விக்க எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதுங்கள். சென்னையின் பக்கத்தில் 2040 வெளியே, 1800 உள்ளே. 240 மிச்சம் என்று தாள் சொல்லும். ஆனால் ஜடேஜா ஒரே ஆளாக இடக்கை சுழற்பந்து, கீழ்வரிசை மட்டையாட்டம், களத்தடுப்பு என்று மூன்று வேலை பார்த்தவர். 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில், சர்வதேசப் போட்டி எதிலும் ஆடியிராத இடக்கைச் சுழற்பந்து ஆல்ரவுண்டர் பிரஷாந்த் வீருக்கு 14.20 கோடியும், அகீல் ஹொசைனுக்கு 2 கோடியும் சென்னை கொடுத்தது. ஓட்டையின் விலையாக 1620 என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த விலை அறிவிப்பு நாளில் தெரியாது; ஏலம் முடிந்த பிறகுதான் அந்தப் பத்தி நிரம்பும். அதனால்தான் பரிமாற்றம் அறிவிக்கப்பட்ட அன்றே மதிப்பெண் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

மாற்றுப் பணிக்கு ஒரு பத்தி கேட்டதும் இதற்காகத்தான். அதில் வெற்றிடம் இல்லாத வீரர் போனால், நிரப்ப இரண்டு பேர் வேண்டியிருக்கும். 25 என்ற வரம்பில் அது கூடுதலாக ஓர் இடத்தைத் தின்னும்.

ஐந்தாம் படி: பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல்

2023இலிருந்து இம்பாக்ட் பிளேயர் விதி (ஆட்டத்தின் நடுவே பதினொருவரில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாம் என்ற விதி) இருப்பதால் பதினொருவரை எழுதிப் பயனில்லை. பன்னிரண்டு பேரை எழுதுங்கள். தொடக்கப் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர் இருந்தால் மாற்றாக வருபவர் இந்தியராகவே இருக்க வேண்டும். எனவே பன்னிரண்டில் எட்டுப் பேர் இந்தியர் என்று வரும். அந்த எட்டுப் பேரில் நம்பகமானவர்கள் எத்தனை என்று பார்த்தால், அணியின் பலம் ஓரளவு தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு ஐயங்கள்

கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு வாங்கியபோது, அவருக்குக் கிடைப்பது 18 கோடிதானே, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேலுள்ள தொகை கிரிக்கெட் வாரியத்திடம் வீரர் நல நிதிக்காகச் சேரும். ஆனால் அணியின் பர்ஸில் முழுத் தொகையும் குறையும். ஆகவே 2520 என்றே எழுதுங்கள்.

ஏலத்தில் வாங்கிய வீரரை உடனே வேறு அணிக்கு மாற்றிவிட முடியுமா என்பது அடுத்தது. ஏலத்துக்குப் பிறகு அவகாசம் மீண்டும் திறந்து, தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு வரை நீடிக்கும். ஆனால் அந்த ஏலத்தில் வாங்கியவர்களை அந்த அவகாசத்தில் மாற்ற முடியாது. அட்டவணையில் அவர்களின் வரிசைக்கு வேறு நிறம் கொடுத்துவிட்டால், நடக்க வாய்ப்பே இல்லாத வதந்திகளைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம்.